மழை கரைத்த சுண்ணாம்பு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சில வருஷங்களுக்கு முன்னால் நான் நீலகிரிப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர், தம்முடைய உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "சார், எப்பவும் போடுற உரத்தைத்தான் போடுறேன். ரெண்டு வருஷமா கூடவே போடுறேன். செடியில தெம்பு இல்லை. கிழங்கு கோலிக்குண்டு மாதிரி நிக்குது" என்றார்.

மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கார அமில நிலை 4.8 என்று வந்தது. நல்ல புளித்த மண். "சுண்ணாம்பு போடணும் ஐயா" என்று சொன்னேன். அவர் சிட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அப்ப முன்னே இந்த மண்ணில இருந்த சுண்ணாம்பு எங்கே போச்சு சார்? யாரும் மூட்டை கட்டிக்கிட்டுப் போகலையே?"

மழை கொஞ்சம் கரைத்தது, பயிர் கொஞ்சம் எடுத்தது, போட்ட உரம் கொஞ்சம் வெளியேற்றியது என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என் மனசை விட்டுப் போகவில்லை. இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு மலைக்காட்டில் 60 வருஷத்துக்கு மேலாக, வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மண்ணிலிருந்த சுண்ணாம்பு எங்கே போனது, எப்படிப் போனது, போனது திரும்ப வருமா என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். காட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். கடைசியில் அது நம்ம தோட்டத்துக்கே வந்து சேரும்.

புளிப்பை அளக்கும் கோல்

முதலில் ஒரு சின்ன விஷயம். மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை என்று ஒரு எண் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். பி.எச். என்றும் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. 7-க்கு மேலே ஏறினால் காரம். கீழே இறங்கினால் அமிலம், அதாவது புளிப்பு.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 6-லிருந்து 5-க்கு இறங்கினால் புளிப்பு ஏதோ கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைக்கக்கூடாது. பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். 4-க்கு இறங்கினால் நூறு மடங்கு.

சுத்தமான மழைத் தண்ணீர் கூட 7-ல் நிற்பதில்லை. காற்றிலே இருக்கிற கரியமில வாயு அதில் கரைவதால், சோடாத் தண்ணீர் மாதிரி லேசான புளிப்பு உண்டு. அந்த வாயு மட்டும் கரைந்த தண்ணீர் 5.6 அளவில் இருக்கும். இது இயற்கை. இதனால் கெடுதல் இல்லை.

ஓடைக்கு ஒரு கணக்கு நோட்டு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு மாநிலம். அங்கே வெண்மலை என்று பொருள்படும் பெயருள்ள மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். அந்த மலையில் 1955-ல் அமெரிக்க வனத்துறை ஒரு ஆராய்ச்சிக் காட்டை ஏற்படுத்தியது. அதற்கு ஹப்பர்டு புரூக் என்று பெயர். புரூக் என்றால் ஓடை.

காட்டில் பெய்யும் மழை எவ்வளவு, ஓடையில் வரும் தண்ணீர் எவ்வளவு என்று அளப்பதுதான் முதல் நோக்கம். அதற்காக ஒவ்வொரு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் கீழே, ஓடையின் குறுக்கே, கான்கிரீட்டில் சின்ன அணை கட்டி, நடுவில் 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு விட்டிருந்தார்கள். நம்ம மடையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அளக்கிற மாதிரி. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் கீழே கசிந்து ஓடிப்போக வழி ரொம்பக் குறைவு. மேலே பெய்த தண்ணீர் ஒன்று ஆவியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இதைப் பார்த்த ஹெர்பர்ட் போர்மன் என்ற தாவர விஞ்ஞானிக்கு ஒரு யோசனை தோன்றியது. தண்ணீரின் அளவை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? மழை என்னென்ன சத்தைக் கொண்டுவந்து போடுகிறது, ஓடை என்னென்ன சத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்றும் பார்த்தால், காட்டுக்கு வரவு செலவுக் கணக்கே எழுதிவிடலாமே! அவரும், நீர்நிலை விஞ்ஞானி ஜீன் லைக்கன்ஸ், மண்ணியல் வல்லுநர் ராபர்ட் பியர்ஸ், பாறை விஞ்ஞானி நோய் ஜான்சன் ஆகியோரும் சேர்ந்து 1963-ல் வேலையைத் தொடங்கினார்கள். வாரா வாரம் மழைத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் அமிலத்தைத் தேடிப் போனவர்கள் அல்ல. காட்டின் சத்துக் கணக்கைத்தான் தேடிப் போனார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே மழைத் தண்ணீர் அவர்களை அசர வைத்தது. அதன் கார அமில நிலை 4-ஐ ஒட்டி இருந்தது. இருக்க வேண்டியதைவிடப் பத்து மடங்குக்கும் மேலே புளிப்பு. சுற்றிலும் காடு. புகை கக்குகிற பெரிய ஆலை எதுவும் பக்கத்தில் இல்லை. பிறகு இந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது?

புகை போன தூரம்

புகையால் மழை புளிக்கும் என்பது புதுச் செய்தி அல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம் நெசவாலைகளுக்குப் பேர் போனது. அங்கே நிலக்கரிப் புகை வானத்தை மூடிக் கிடந்த காலத்தில், ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ரசாயன வல்லுநர் மழைத் தண்ணீரை ஆராய்ந்தார். 1872-ல் அவர் எழுதிய புத்தகத்தில் 'அமில மழை' என்ற சொல்லைக் கையாண்டார். ஆனால் அது நகரத்துக்குள் நடக்கிற சங்கதி என்றே எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. எரிக்கும்போது அது கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவாகப் புகையோடு மேலே போகிறது. அதிக வெப்பத்தில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் வாயுவாக மாறிச் சேர்ந்துகொள்கிறது. மோட்டார் வாகனப் புகையிலும் இது உண்டு. இந்த வாயுக்கள் மேகத்தின் ஈரத்தோடு கலந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறுகின்றன. அதுதான் மழையாக, பனியாக, மூடுபனியாகக் கீழே வருகிறது.

1967-ல் சுவீடன் நாட்டு மண் விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடென் ஒரு செய்தித்தாளில் எழுதினார். எங்கள் ஏரிகளைப் புளிக்க வைப்பது எங்கள் புகை மட்டுமல்ல, கடல் தாண்டி மற்ற நாடுகளிலிருந்து வருகிற புகை என்று அவர் சொன்னது ஐரோப்பாவையே உலுக்கியது. லைக்கன்ஸ் அவரைச் சந்தித்துப் பேசினார். அமெரிக்காவிலும் வேறு இடங்களில் மழையை அளந்து பார்த்தார்கள். ஹப்பர்டு புரூக் தனி இடம் அல்ல, வடகிழக்குப் பகுதி முழுவதுமே இப்படித்தான் என்று தெரிந்தது. 1972-லும் 1974-லும் இதைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஓஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரிசையாக நிலக்கரி மின் நிலையங்கள் நின்றன. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். புகை அந்தக் காற்றில் ஏறி வந்து மலையில் மோதி இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1970-ல் அமெரிக்காவில் காற்றைச் சுத்தப்படுத்தச் சட்டம் வந்தது. தரைமட்டத்தில் காற்று இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். பல ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? புகையைக் குறைப்பதற்குப் பதிலாகப் புகைபோக்கியை உயர்த்தினார்கள். பக்கத்து ஊர் சுத்தமானது. புகை இன்னும் உயரத்தில் ஏறி, இன்னும் தூரம் போய், கேட்க நாதியில்லாத மலைக்காட்டில் இறங்கியது. நம்ம வயல் குப்பையை வாய்க்காலில் தள்ளிவிட்டால் நம்ம வயல் சுத்தம்தான். கடைமடைக்காரன் கதி?

மண்ணுக்குள்ளே நடந்தது

சரி, புளித்த மழை மண்ணை என்ன செய்தது? இதுதான் நமக்கு முக்கியம்.

மண்ணில் இருக்கிற களித் துகளும் மக்கும், பயிருக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து இவற்றைத் தம் மேல் ஒட்ட வைத்துக்கொண்டிருக்கும். இதை ஒரு பஸ்ஸில் இருக்கிற இருக்கைகள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகளில் சத்துக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அமில மழை வந்ததும் அமிலத்தின் துகள்கள் ஏறி, உட்கார்ந்திருந்த சுண்ணாம்புச் சத்தை எழுப்பிவிட்டுத் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. எழுந்து நின்ற சுண்ணாம்பு மழையோடு சேர்ந்து இறங்கி ஓடைக்குப் போய்விடுகிறது. கந்தகம்தான் அதற்குத் துணையாகப் போகிறது.

பாறை மெதுவாகச் சிதைந்து கொஞ்சம் புதுச் சுண்ணாம்பைக் கொடுக்கும். அதுதான் மண்ணுக்கு மாசாமாசம் வருகிற வட்டி. இருப்பில் இருக்கிறது முதல். சுண்ணாம்புப் பாறை உள்ள நிலத்தில் வட்டி தாராளமாக வரும். அங்கே இதே மழை பெய்தாலும் மண் அசையவில்லை. ஆனால் வெண்மலையில் இருப்பது சுண்ணாம்பு குறைந்த பழம் பாறை. அதன் மேல் மண்ணும் கனம் இல்லை. வட்டி பத்தாமல் வருஷா வருஷம் முதலிலேயே கை வைத்துக்கொண்டிருந்தது மழை.

ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மண் தன் சேமிப்பைக் கொடுத்துப் புளிப்பைத் தாங்கிக்கொண்டது. மரங்கள் பச்சையாகத்தான் நின்றன. ஓடையின் கணக்கு நோட்டில் மட்டும் செலவுப் பக்கம் நீண்டுகொண்டே போனது. பின்னாளில் கூட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 60 ஆண்டுகளில் அந்தக் காட்டு மண்ணில் மரம் எடுத்துக்கொள்ளக்கூடிய சுண்ணாம்புச் சத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது.

சுண்ணாம்பு தீர்ந்துவந்ததும் அடுத்த ஆபத்து தலை தூக்கியது. அலுமினியம். நம்ம வீட்டில் அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? புளிப்பு அலுமினியத்தைக் கரைத்துவிடும் என்பதால்தான். மண்ணிலும் அலுமினியம் நிறைய இருக்கிறது. களிமண்ணே அலுமினியம் கலந்த மண்தான். நடுநிலை மண்ணில் அது கரையாமல் கல்லாகக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. மண் புளித்து 5-க்குக் கீழே இறங்கினால் கரைய ஆரம்பிக்கும். கரைந்த அலுமினியம் வேருக்கு விஷம். வேர் நுனி தடித்துக் குட்டையாகிவிடும். மீதமிருக்கிற சுண்ணாம்பையும் வேர் எடுக்க விடாமல் தடுக்கும். ஜெர்மனியில் சோலிங் என்ற மலைக்காட்டில் பெர்ன்ஹார்ட் உல்ரிச் என்ற மண் விஞ்ஞானி இந்த ஆபத்தை 1970-களின் கடைசியில் எடுத்துச் சொன்னார். அமில மழை என்றாலே இலையைக் கருக்குவதுதான் என்று நினைத்தவர்களை, மண்ணைத் தோண்டிப் பார்க்க வைத்தவர்களில் அவர் ஒருவர்.

மரமும் மீனும்

வெண்மலைக்கு மேற்கே, பக்கத்து மாநிலமான வெர்மான்டில் ஒட்டகத் திமில் என்று பொருள்படும் பெயருள்ள மலை ஒன்று இருக்கிறது. அங்கே செந்நிற ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை 1960-களின் நடுவில் கணக்கெடுத்திருந்தார்கள். 1979-ல் திரும்ப எண்ணியபோது ஏறத்தாழ பாதி மரங்கள் இல்லை. பட்டுப்போன மரங்கள் சாம்பல் நிறக் குச்சிகளாக நின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க நாள் பிடித்தது. மலை உச்சியில் மரங்கள் மழையில் மட்டுமல்ல, அமில மேகத்திலேயே நாள்கணக்கில் நனைகின்றன. அது ஊசியிலையில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கழுவி எடுத்துவிடுகிறது. மண்ணிலும் ஈடுகொடுக்கச் சரக்கு இல்லை. சுண்ணாம்பு குறைந்த இலைக்குக் குளிர் தாங்கும் சக்தி சில டிகிரி குறைந்துபோகும். வழக்கமான குளிர்காலமே அதற்கு எமனாகிவிடும். பார்த்தவர்கள் பனியில் கருகியது என்றுதான் சொன்னார்கள். பனி கடைசி அடிதான் கொடுத்தது. அதற்கு முன்னாலேயே மரம் உள்ளுக்குள் பலமிழந்திருந்தது.

மேப்பிள் என்று ஒரு மரம் உண்டு. நம்ம ஊரில் பனையில் பதநீர் இறக்குகிற மாதிரி, அங்கே அந்த மரத்தில் துளையிட்டு இனிப்புச் சாறு எடுத்துக் காய்ச்சிப் பாகு செய்வார்கள். அதுவும் சுண்ணாம்பு விரும்பும் மரம். மண்ணில் சத்துக் குறைந்த மேடுகளில் அதன் கொண்டை மெலிந்தது. கன்றுகள் நிலைக்கவில்லை.

ஓடைகளுக்கு வந்த கதி இன்னும் மோசம். மண்ணில் கரைந்த அலுமினியம் ஓடைக்கு வந்து மீனின் செவுளில் படிந்தது. மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தது. குளிர்காலம் முழுவதும் பனியில் சேர்ந்த அமிலம் வசந்தத்தில் பனி உருகும்போது மொத்தமாக இறங்கும். மீன் குஞ்சுகள் வெளிவருகிற நேரமும் அதுதான். நியூயார்க் மாநிலத்து ஆடிரோண்டாக் மலைகளில் 1984 முதல் 1987 வரை 1,469 ஏரிகளைச் சோதித்தார்கள். 346 ஏரிகளில் மீனே இல்லை. எல்லாவற்றுக்கும் அமிலம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, சில ஏரிகள் இயற்கையிலேயே புளித்தவை. ஆனாலும் அமில மழைக்கு அதில் பெரும்பங்கு இருந்தது. அப்படிப்பட்ட சில ஏரிகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பார்க்கிறவர்கள், ஆஹா, என்ன சுத்தமான தண்ணீர் என்பார்கள். தண்ணீரில் உயிர் குறைந்துபோனதால் வந்த தெளிவு அது.

சட்டம் வந்தது, மண் திரும்பவில்லை

பல வருஷ வாக்குவாதத்துக்குப் பிறகு 1990-ல் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. மொத்தத்தில் இவ்வளவு கந்தகப் புகைதான் வெளியே போகலாம் என்று எல்லை கட்டி, ஒவ்வொரு மின் நிலையத்துக்கும் பங்கு வைத்தார்கள். பங்குக்குள் நின்றவர் மிச்சத்தை அடுத்தவருக்கு விற்கலாம். சிலர் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறினார்கள். சிலர் புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவி அனுப்பினார்கள். அப்படிக் கழுவும்போது கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிவிடும். பாருங்கள், மலை மண்ணின் சுண்ணாம்பைக் கொண்டுபோன அதே கந்தகத்தைப் புகைபோக்கியிலேயே சுண்ணாம்பைக் கொண்டு பிடித்தார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம். பிற்பாடு நிலக்கரி எரிப்பதே குறைந்தது. 1990-ல் இருந்த கந்தகப் புகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் இன்று இல்லை. ஹப்பர்டு புரூக்கின் மழையில் புளிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

மழை சுத்தமானால் காடு தேறிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 1996-ல் லைக்கன்ஸும் கூட்டாளிகளும் தங்கள் கணக்கு நோட்டை விரித்துக் காட்டினார்கள். மழையில் அமிலம் குறைந்த வேகத்துக்கு ஓடை மீளவில்லை. காட்டு மரங்களின் மொத்த எடை 1980-களிலிருந்து ஏறக்குறைய கூடாமலே நின்றுவிட்டது. மண்ணின் முதல் கரைந்துபோய்விட்டதே! அதைப் பாறை சிதைந்து வருகிற வட்டியால்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

உண்மையிலேயே சுண்ணாம்புதான் குறையா என்று சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தார்கள். 1999 அக்டோபரில், சுமார் 30 ஏக்கர் உள்ள ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து 40 டன்னுக்கு மேல் வோலாஸ்டோனைட் என்ற தாதுவைக் குருணையாகத் தூவினார்கள். சுண்ணாம்புச் சத்து உள்ள, மெதுவாகக் கரையும் தாது அது. எத்தனை வருஷமாகப் போனதோ அத்தனையையும் ஈடுகட்டுகிற அளவு. பக்கத்துப் பகுதியை ஒன்றும் போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தார்கள். நம்ம செயல்விளக்கத் திடல் மாதிரியேதான்.

2003-ல் கடுங்குளிர் வந்தது. போடாத பகுதியில் ஸ்புரூஸ் மரங்கள் கருகின. போட்ட பகுதியில் சேதம் வெகு குறைவு. மேப்பிள் கன்றுகள் தழைத்தன. 15 வருஷம் கழித்துப் பார்த்தால், போட்ட பகுதியில் மர வளர்ச்சி நூற்றுக்கு 21 பங்கு அதிகம். மரங்களை வாட்டியது சுண்ணாம்புக் குறைதான் என்பது கண்ணால் கண்ட சாட்சியாயிற்று.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. சுண்ணாம்பு கிடைத்ததும் மண்ணில் தூங்கிக்கிடந்த நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, பல வருஷமாகத் தரையில் சேர்ந்திருந்த மக்கை வேகமாகச் சிதைத்தன. பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த ஓடையில் தழைச்சத்து கூடுதலாகக் கரைந்து போக ஆரம்பித்தது. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் ஒரு பொருளைப் போட்டால் அது ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருக்காது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சேதி சொன்னது. அமெரிக்க வடகிழக்கிலும் கனடாவின் கிழக்கிலும் பல இடங்களில் மேல்மண் மீள ஆரம்பித்துவிட்டது. அடிமண் அந்த அளவுக்கு மீளவில்லை, சில இடங்களில் இன்னும் இழந்துகொண்டே இருந்தது.

இதில் நமக்கு என்ன?

நம்ம ஊர் மழையும் இப்படியா என்று நீங்கள் கேட்கலாம். இந்தியாவில் பல இடங்களில் காற்றில் பறக்கிற புழுதியில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. அது மழையின் புளிப்பைப் பெரிதும் முறித்துவிடுகிறது. அதனால் அந்த அளவுக்குப் பயம் வேண்டாம். ஆனால் மலைப் பகுதிகளில், சாதாரண மழையே காலங்காலமாகச் சுண்ணாம்பைக் கரைத்து மண்ணைப் புளிக்க வைத்திருக்கிறது. அதன் மேல் நாம் போடுகிற உரமும் சேர்கிறது.

அம்மோனியம் சல்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள தழைச்சத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் புளிப்பை முறிக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவை. யூரியாவும் புளிக்க வைக்கும், கொஞ்சம் குறைவாக. அமெரிக்க மலைக்கு மேகத்தில் வந்தது நம்ம தோட்டத்துக்கு மூட்டையில் வருகிறது. மண்ணுக்குள் நடக்கிற வேலை ஒன்றுதான்.

உரமே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடுகிறவர்கள் வரவு மட்டும் பார்க்காமல் செலவையும் பாருங்கள் என்கிறேன். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

மலையிலும், மழை மிகுந்த செம்மண், செம்பொறை மண் பகுதிகளிலும் இருப்பவர்கள், அறுவடை முடிந்ததும் மண்ணைப் பரிசோதியுங்கள். 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை சீராகச் சீவி எடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, கால் பங்காகக் குறைத்துக் குறைத்து அரை கிலோ அனுப்பினால் போதும். எருக்குழிப் பக்கமும் வரப்போரமும் எடுக்காதீர்கள்.

புளிப்பு என்று வந்தால், பரிசோதனையில் சொல்கிற அளவுக்குச் சுண்ணாம்புத் தூளோ டோலமைட்டோ போடுங்கள். டோலமைட்டில் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். கண் அளவுக்கு அள்ளிப் போடாதீர்கள். அந்த ஓடையில் தழைச்சத்து போனதைக் கேட்டீர்கள் அல்லவா? சுண்ணாம்போடு தொழுவுரம், தழையுரம் சேர்த்து மண்ணின் மக்கைக் காப்பாற்றுங்கள்.

ஜிப்சம் வேறு, சுண்ணாம்பு வேறு. ஜிப்சம் களர் மண்ணுக்கும் நிலக்கடலைக்கும் நல்லது. புளிப்பை அது முறிக்காது. கரிசல் காட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அந்த மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. பரிசோதனை சொல்லாமல் நீங்கள் சுண்ணாம்பு போட்டால் கெடுதல்தான்.

அந்த நீலகிரிப் பெரியவர் சிட்டையில் சொன்னபடி டோலமைட் போட்டார். தொழுவுரத்தைக் கூட்டினார். முதல் போகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "சார், ஏமாத்திட்டீங்களே" என்றுகூடச் சொன்னார். மூன்றாவது போகத்தில்தான் கிழங்கு கைக்கு அடங்காமல் வந்தது. ஒரு கூடை கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, "போன சுண்ணாம்பு எங்கே போச்சுன்னு கேட்டேனே, அது ஆத்துல போயிடுச்சு. இனிமே போகாம பார்த்துக்கிறேன்" என்றார்.

தோட்டமாக இருந்ததால் மூன்று போகத்தில் சரி செய்தார். அங்கே மலை முழுக்க ஹெலிகாப்டரில் தூவிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. காடு தன் பாறையிலிருந்து துளித் துளியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஹப்பர்டு புரூக்கில் இன்றும் வாரா வாரம் புட்டியில் தண்ணீர் பிடித்து எழுதிவைக்கிறார்கள். நீங்களும் உங்கள் மண் பரிசோதனை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வருஷ வாரியாகச் சேர்த்து வையுங்கள். இந்த வருஷத்து எண்ணையும் போன தடவை வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறங்கிக்கொண்டே வந்தால், கிழங்கு சிறுக்கும்வரை காத்திருக்காமல் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள்.